கருணைக்கொலை ஊசி போடச் சொல்வதற்கு முன்னால்

வயதான நாய்க்குச் சிறுநீரகம் முழுக்கக் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகும் "தானா போகட்டும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு" என்பவர்கள் உண்டு. தானாகப் போவது எப்படித் தெரியுமா? ரத்தத்தில் யூரியா ஏறி வாயெல்லாம் புண், அம்மோனியா வாடை, குடித்த தண்ணீரும் வாந்தி, கடைசியில் வலிப்பு. இதைத்தான் இயற்கை என்கிறோம்.

வீடு மாற்றுகிறோம், பின்னங்கால் தள்ளாடுகிறது என்றெல்லாம் ஊசி கேட்டால் அது வேறு கதை. மறுக்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர்.

எப்போது முடிவெடுப்பது? ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்கள் என ஏழுக்கும் தலா 10 மதிப்பெண்; நிலைமை நன்றாக இருந்தால் கூடுதல் மதிப்பெண். 35-ஐத் தாண்டினால் இன்னும் வைத்துப் பார்க்கலாம். மூச்சுத் திணறுகிற நாய்க்கு மட்டும் கூட்டுத்தொகை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மோசமான நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இல்லையென்றால் நேற்று ஒருமுறை வாலாட்டியது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

முடிவெடுத்துவிட்டால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: என்ன மருந்து, எந்த வரிசையில்?

முதலில் தசையில் மயக்க ஊசி. சைலசின் என்றால் சில நாய்கள் வாந்தி எடுக்கும், பயப்படாதீர்கள். 10-15 நிமிடம் விட்டு, முன்னங்காலில் முடியை மழித்துக் கேனுலா, அதாவது மருந்து ஏற்றும் மெல்லிய குழாய். அது சரியாக உள்ளே இருக்கிறதா என்று சலைன் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். நீர் வற்றிய நாய்க்கு ரத்தக்குழாய் சுருங்கிக் கிடக்கும். உயிரை முடிக்கப் போடும் தயோபென்டோன் மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அதன் பிறகுதான் பென்டோபார்பிட்டாலோ தயோபென்டோனோ கூடுதல் அளவில்.

இதே வேலைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் மலிவு. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தால் மட்டுமே போடலாம். விழித்திருக்கும் நாய்க்கு மெக்னீசியம் ஏற்றினால் உடம்பு அசையாது, மூச்சு அடைக்கும், நினைவு தப்பியிருக்காது. பக்கத்தில் நிற்பவருக்கு அது அமைதியாகப் போனதாகத் தெரியும்! கொடூரமான முறையில் கொல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

உயிர் போனாலும் கண் மூடாது. சிறுநீர் போகும். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை வாய் திறந்து மூச்சு இழுப்பது போல இருக்கும். இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் "உயிர் இருக்கு" என்று வீடே அலறும். ஸ்டெதஸ்கோப் வைத்து 5 நிமிடமாவது கேட்க வேண்டும்; கருவிழியைத் தொட்டால் இமை துடிக்கக் கூடாது.

பென்டோபார்பிட்டால் புதைத்த உடலிலும் பல மாதம் தங்கும். தோண்டித் தின்கிற தெருநாயும் கழுகும் சேர்ந்து சாகும். ஆழமாகக் குழி எடுத்து, மேலே இரண்டு பெரிய கல்லையும் வைத்துவிடுங்கள்.