காயப்போட்டவருக்கு நட்டம் என்றால் யார் காயப்போடுவார்?

ஊரெல்லாம் வேப்பமரம் இருக்கிறது, ஒரு எண்ணெய் ஆலை வைத்தால் கிராமம் பிழைத்துக்கொள்ளும் என்கிறவர்கள் முதலில் ஒரு கணக்குப் போடட்டும். நாளைக்கு 500 கிலோ அரைக்கும் சின்ன எக்ஸ்பெல்லர் (எண்ணெய் பிழியும் மெஷின்) வருடத்தில் 200 நாள் ஓட 100 டன் வேப்பங்கொட்டை வேண்டும். பழம் உதிர்வதோ ஆனி, ஆடியை ஒட்டிய சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் மெஷின் ஓடுமா என்பது கிடங்கில் இருக்கும் கொட்டை கெடாமல் நிற்பதைப் பொறுத்தது. பல இடங்களில் ஊற்றிக்கொள்வது இங்கேதான்.

பழத்தைச் சதையோடு குவித்துவைத்தால் சூடேறிப் புளிக்கும், பூசணம் பருப்பு வரை போய்விடும். பொறுக்கிய அன்றே தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவி, மிதக்கும் சொத்தையை அள்ளிப் போட்டுவிட வேண்டும். பிறகு காற்றோட்டமான நிழலில் மெல்லிசாகப் பரப்பி, தினம் இரண்டு மூன்று தடவை கிளறிவிட வேண்டும். பருப்பில் இருக்கும், பூச்சிக்கு எமனான அசாடிராக்டின் என்கிற பொருள் கடும் வெயிலில் சிதைந்துவிடும். தார் ரோட்டில் கொட்டிக் காயவைப்பது இன்னும் மோசம். மண் சேர்ந்து எடை கூடும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறவர்களும் உண்டு! காய்ந்ததைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் வியர்த்துவிடும்.

சோதிக்க லேப் வேண்டாம். பத்துக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு வெளிர்பச்சையாக இருந்து, அழுத்தினால் டக்கென்று முறிந்தால் நல்ல சரக்கு. ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம். கறுத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

இதெல்லாம் பொறுக்குகிற பெண்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் வியாபாரி எடைக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறார். 25 சதவீத ஈரத்தோடு 100 கிலோ கொட்டை இருக்கிறதென்று வையுங்கள். அதை 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் தராசில் 83 கிலோதான் நிற்கும். இடம் பிடித்து, ஒரு வாரம் கிளறிவிட்டு, 17 கிலோவையும் இழப்பதற்கு யாருக்கென்ன தலையெழுத்து? காய்ந்த சரக்குக்கு 20 சதவீதம் கூடுதல் விலை கொடுத்தால்கூட எடை இழப்புக்குத்தான் சரியாகும். உழைப்புக்கு அதற்கு மேல் தர வேண்டும்.

வாங்க ஆளில்லாத பொருளும் அல்ல இது. உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு 2015-இல் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே மகளிர் குழுவுக்குக் கடன் கொடுக்கிறவர்கள் எக்ஸ்பெல்லருக்கு முன்னால் ஒரு ஈரப்பதமானி, நிழல்வலைப் பந்தல், தரையில் படாமல் சாக்கு அடுக்க மரச்சட்டம், ஈரத்தைப் பார்த்து விலை எழுதும் ஒரு பதிவேடு, இவற்றுக்குக் கொடுக்கட்டும்.

ஆலையே வராவிட்டாலும் நல்ல பருப்புக்கு ஊருக்குள்ளேயே வேலை இருக்கிறது. 5 கிலோ பருப்பை எண்ணெய் கசியாத அளவுக்கு இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். அதை 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து, அன்றைக்கே சாயங்காலம் பூச்சிமருந்தாகப் பயிருக்கு அடித்துவிட வேண்டும். போன வருடத்துப் பூசணம் பிடித்த பருப்பில் இதைச் செய்து அடித்துவிட்டுத்தான் பலரும் ‘வேம்பெல்லாம் சும்மா’ என்கிறார்கள்.