பிப்ரவரி 28 சி.வி.ராமன் பிறந்தநாள் இல்லைங்க

சென்னையில் பல அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: ‘பிப்ரவரி 28 சர் சி.வி.ராமன் பிறந்தநாள். மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் வானம் ஏன் நீலம் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார்.’ அத்தனையும் தப்பு.

அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சி பக்கம். பிப்ரவரி 28 என்பது 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது உண்மை, அதற்குப் பெருமைப்படலாம், ஆனால் கண்டுபிடிப்பு நடந்தது கல்கத்தாவில். கூடவே உழைத்தவர் கே.எஸ்.கிருஷ்ணன், அவரும் தமிழர்தான், அவர் பேரை மட்டும் ஃபார்வர்டு போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சரி, வானம்? அதை 1871-லேயே விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே. ராமனை உறுத்தியது கடல். வானத்தைப் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று ராலே சொல்லியிருந்தார். 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது ராமன் ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகத்தை வைத்து மேற்பரப்புப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார், அப்போதும் நீலம் போகவில்லை, ஆக தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

1930 நோபல் அதற்கும் இல்லை. சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, கிட்டத்தட்ட கோடியில் ஒன்று, மூலக்கூறோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கி நிறம் மாறி வெளியே வருகிறது, இதுதான் ராமன் விளைவு, அதைப் பிடித்துக் காட்டியதற்குத்தான் பரிசு. அந்த நிற மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதால், மாத்திரையில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.