எட்டு மீட்டர் நீள வெங்காயச் செல்

நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த வெங்காயத் தோல் செல், தாளில் 4 செ.மீ. நீளம். உருப்பெருக்கம் 200 மடங்கு. செல்லின் உண்மையான நீளம் என்ன? வகுத்தால் 0.02 செ.மீ., அதாவது 0.2 மில்லிமீட்டர். இதற்கு 4-ஐ 200-ஆல் பெருக்கி 800 செ.மீ. என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. எட்டு மீட்டர்! ஒரே ஒரு செல்!

அந்தப் பிள்ளைக்குப் பெருக்கவும் தெரியும், வகுக்கவும் தெரியும். வந்த விடையைப் பார்த்து "இப்படி இருக்குமா?" என்று கேட்கிற பழக்கம்தான் இல்லை. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் எண்களில் தடுமாறினால் "அடிப்படை சரியில்லை, வாய்ப்பாடு தெரியவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சிலருக்கு அது உண்மைதான். ஆனால் எண்ணைக் கண்டால் வரும் பயம், வாய்ப்பாடு ஒப்பித்துப் போவதில்லை. "உன்னால முடியும்" என்று முதுகில் தட்டினாலும் போவதில்லை. தன் விடை சரியா தப்பா என்று தானே சோதிக்கத் தெரிந்தால்தான் தைரியம் வரும்.

இதைக் கணக்கு ஆசிரியர் ஒருவரே கற்றுக்கொடுத்துவிட முடியாது. ஒரு செல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது உயிரியல் ஆசிரியர் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் பல பாடங்களில் எண் வந்ததும் "அது கணக்குல பாத்துக்கோ" என்று தாண்டிவிடுகிறார்கள்.

வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63, இறந்தது கி.பி. 14. வயது என்ன? எண்கோட்டில் மைனஸ் 63-இலிருந்து 14 வரை எண்ணினால் 77. ஆனால் நம் ஆண்டுக் கணக்கில் பூஜ்ஜியம் என்றொரு ஆண்டே கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. ஆக 76. அதுவும் முழுசாக இல்லை: பிறந்தது செப்டம்பரில், இறந்தது ஆகஸ்டில். எனவே 75. வரலாற்று வகுப்பில் ஐந்து நிமிடம் இதைப் பேசவிட்டால், குறை எண்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏற்படும் தெளிவு ஒரு பக்கப் பயிற்சிக் கணக்கில் வராது. (சண்டையும் வரும். வரட்டும்.)

இயற்பியலில் வேறு சிக்கல். y = mx + c என்ற நேர்கோட்டுச் சமன்பாட்டைக் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற பிள்ளை, t நேரத்துக்குப் பிறகான வேகத்தைச் சொல்லும் v = u + at-ஐப் பார்த்ததும் திகைத்து நிற்கும். இரண்டும் ஒரே கோடு. முடுக்கம் a என்பதுதான் சாய்வு m, தொடக்க வேகம் u என்பதுதான் வெட்டுத்துண்டு c. இதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, வேகம்-தூரம்-நேரத்தை ஒரு முக்கோணத்துக்குள் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துக்கொள்ளச் சொல்கிறோம். அந்த வித்தை மூன்றெழுத்துச் சூத்திரம் வரைதான் கூட வரும், நான்காவது எழுத்து வந்ததும் கைவிட்டுவிடும். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே செயலைச் செய்யலாம் என்று புரிந்த பிள்ளைக்கு முக்கோணமே தேவையில்லை.

வரைபடத்திலும் இதே கதைதான். கணக்கு வகுப்பில் எல்லாப் புள்ளியும் கோட்டில் உட்கார வேண்டும். அறிவியல் சோதனையில் புள்ளிகள் கொஞ்சம் சிதறும், நடுவே பொருத்தமான ஒரு கோட்டை இழுக்க வேண்டும். காரணம் சொல்லாமல், புள்ளிகளை வரிசையாகச் சேர்த்த பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்தால், அது என்ன முடிவுக்கு வரும்? ஒவ்வொரு சாருக்கும் ஒரு கணக்கு என்றுதான். பொருளாதாரத்தில் வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால் உயர்வு ஒரு சதவீதப் புள்ளி, ஆனால் வட்டி கூடியது 25 சதவீதம் என்பதும் அப்படி அந்த வகுப்பிலேயே நின்று பேச வேண்டிய விஷயம்.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். நியாயம்தான். தனியாக ஒரு பீரியட் கேட்கவில்லை. கால்குலேட்டரைத் தொடும் முன் "சுமாரா எவ்வளவு வரும்?" என்று ஒரு கேள்வி, எந்தப் பாடமானாலும். அப்புறம், பத்தின் அடுக்குகளில் எண்களை எழுதுவதைக் கணக்கில் நடத்தும் முன்பே வேதியியலில் மோல் கணக்கு (அணுக்களையும் மூலக்கூறுகளையும் மிகப் பெரிய எண்களில் எண்ணுவது) வந்துவிடுகிறதா என்று ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். முதலில் விடை சொல்பவருக்குக் கைதட்டல் என்கிற வேகப் போட்டியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யோசிக்கிற பிள்ளை அதில் எப்போதும் தோற்கும்.

இன்னொன்று, மார்க். 54 கிராம் எடை, 20 கன செ.மீ. பருமன் உள்ள அலுமினியத் துண்டின் அடர்த்தி கேட்கிறோம். சரியான விடை 2.7. ஒரு பிள்ளை தலைகீழாக வகுத்து 0.37 என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே "இப்படி இருந்தால் தண்ணீரில் மிதக்கும், அலுமினியம் மூழ்குமே, எங்கோ தப்பு" என்று எழுதுகிறது என்று வையுங்கள். இப்போதைய திருத்தும் முறையில் பெரும்பாலும் அதற்குப் பூஜ்ஜியம்தான். நான் திருத்தினால் பாதி மார்க்காவது போடுவேன்.