வெலிங்டனில் பயிற்சி பெற்றால் பட்டதாரி அதிகாரி ஆகிவிடுவாரா?

“பட்டதாரிகள் அக்னிவீரராகச் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி பெற்றால், நான்கு ஆண்டுகளில் தானாகவே அதிகாரி ஆகிவிடலாம்” என்றொரு தகவல் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பதிவுக் கட்டணம் அனுப்ப ஒரு எண் வேறு. இது பொய்.

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் படைவீரர்களுக்கானது. அதே ஊரில் இருக்கும் முப்படை அதிகாரிகள் கல்லூரியில் படிப்பவர்களோ ஏற்கெனவே அதிகாரிகள். தோளில் நட்சத்திரம் வைத்த சீருடைகளைத் தினமும் பார்க்கும் ஊரில் இந்தக் குழப்பம் எளிதில் விலைபோகிறது.

அக்னிவீரர்களை நான்கு ஆண்டுக்குப் படைவீரராகச் சேர்க்கும் அக்னிபத் திட்டப்படி, அந்த நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாகச் சேர்க்கப்படுவார்கள், அதுவும் படைவீரராகத்தான்.

பட்டதாரி நேரடியாக அதிகாரியாக, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு முக்கியமான வழி. அதில் தேறினால் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகம். பலர் சறுக்குவது இங்கேதான்: முதல் நாள் மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், குழுவாக விவாதிக்க விடுவார்கள், தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். பிறகு மருத்துவப் பரிசோதனை. பி.ஏ. தமிழ் படித்தவரும் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வுக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் கிடையாது.