டேங்கில் பெட்ரோலை விட்டுவிட்டுப் போகிறவர்கள்
புல் வெட்டும் மெஷினை மாசக்கணக்கில் மூலையில் போட்டுவிட்டு, மழை பெய்து புல் முளைத்ததும் ரிப்பேருக்கு என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். “ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது அண்ணே.” எப்படி ஆகும்? பழைய பெட்ரோல் டேங்கில் அப்படியே கிடக்கிறதே! இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பிசுபிசுவென்று படிந்திருக்கிறது. மெல்லிய கம்பி நுழைகிற அளவுதான் பெட்ரோல் போகிற மெயின் ஜெட் ஓட்டை, அதுவும் அடைத்துப்போச்சு.

போன தடவையே படித்துப் படித்துச் சொன்னேன்: பெட்ரோலை வடித்துவிட்டு, தானாக அணைகிற வரை ஓடவிட்டு வையுங்கள் என்று. கேட்டால்தானே? வீட்டில் ஆளாளுக்குக் ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்து, அதைத் திரும்பச் சுருட்டுகிற ரீகாயில் ஸ்பிரிங்கையும் உடைத்துவிட்டு வந்து, “புதுசே வாங்கிடலாமா?” என்கிறார்கள். எதற்கு? பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் கீறல் இல்லாமல் இருக்கின்றன!