அந்தத் திருகைத் தொடாதீங்கப்பா!

வயிறு எரிகிறது. மூன்று நாளாக அப்பாவின் பிலிப்ஸ் வால்வு ரேடியோவை, கண்ணாடிக் குழல்களில் ஓடும் அந்தப் பழைய செட்டை, மேசைமேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் கம்மியாக இருக்கிறது என்று அண்ணன் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார். அவர் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, "அலைன்மென்ட் பண்ணியாச்சு சார்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அலைன்மென்ட் என்றால் உள்ளே இருக்கும் திருகுகளைத் திருகி டியூனிங்கைச் சரிசெய்வது. அதற்கு முன்னால் மெதுவாகவாவது பாடிக்கொண்டிருந்த ரேடியோ, திரும்பி வந்தபோது ஒரு ஸ்டேஷனையும் அதன் இடத்தில் எடுக்கவில்லை.

டயல் கண்ணாடியில் அப்பா தன் கையால் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. ஒரு நெல்மணியை விட அகலம் கிடையாது. திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸ். சிவப்பு முள் அந்தக் காகிதத்துக்கு நேராக வந்தால் செய்திகள் வரும், அவ்வளவுதான் கணக்கு. அப்பா இருந்தவரை அந்தக் கணக்கு பிசகியதே இல்லை. மெக்கானிக்கிடமிருந்து வந்த பிறகு திருச்சி அரை விரற்கடை தள்ளிக் கேட்டது. காகிதம் இருக்கும் இடத்தில் வெறும் இரைச்சல்.

பின்மூடியைக் கழற்றியதும் புரிந்துவிட்டது. எந்த ஸ்டேஷன் வந்தாலும் ரேடியோ அதை உள்ளே ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ளும், அதற்குப் பெயர் ஐ.எஃப். அந்த அலையைப் பிரித்தெடுக்கும் காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள், இருக்கும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர் டப்பா மேலே கம்பெனியில் வைத்த மெழுகு சுரண்டப்பட்டிருந்தது. உள்ளே கோரின் தலையில், அதாவது காயிலுக்குள் திருகு மாதிரி ஏறி இறங்கும் காந்தப்பொருள் துண்டின் தலையில், இருக்க வேண்டிய வெட்டு இரண்டு பக்கமும் பெயர்ந்து வட்டக் குழியாகிக் கிடந்தது. பக்கத்தில் சேசிஸ் என்கிற தகரச் சட்டத்தின் மேல் கறுப்புப் பொடி. இரும்பு ஸ்க்ரூடிரைவரை விட்டு முறுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோர் சாக்பீஸ் மாதிரி, ஐயா! அறுபது வருஷம் மெழுகில் உறைந்து கிடந்ததை இரும்பால் நெம்பினால் நொறுங்காமல் என்ன செய்யும்?

நொறுங்காவிட்டாலும் இரும்பால் அந்த வேலை நடக்காது. காயிலுக்குள் ஸ்க்ரூடிரைவர் நுழைந்ததுமே இண்டக்டன்ஸ், அதாவது காயில் எந்த அலைக்கு இசையும் என்பதை முடிவு செய்யும் குணம், மாறிவிடும். காதுக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுத்தால் டியூனிங் மறுபடி நகர்ந்துவிடும். இது தெரியாமலா ரேடியோ மெக்கானிக் என்று போர்டு மாட்டுகிறார்கள்?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் வேறு. சத்தம் குறைந்ததற்கும் காயிலுக்கும் சம்பந்தமே இல்லை. மெழுகு வைத்துப் பூட்டிய கோர் தானாக எழுந்து நடக்காது. வருஷக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் இருந்தால் கொஞ்சம் நகரலாம். செட்டை ஊமையாக்கும் அளவுக்கெல்லாம் போகாது. கெட்டுப்போவது பேப்பர் கண்டன்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் காகிதச் சுருள். கசியும். ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்குச் சத்தத்தை மட்டும் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசிந்தால், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டில் (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு வலையில்) பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு கொதிக்கும், சத்தம் கரகரக்கும். ரெசிஸ்டர் மதிப்பு ஏறிப்போகும். மீடியம் வேவ், ஷார்ட்வேவ் மாற்றும் பேண்டு ஸ்விட்சில் கறுப்புப் படியும். இதையெல்லாம் பார்த்து முடித்து, வால்வையும் சோதித்த பிறகுதான் காயில் பக்கம் திரும்ப வேண்டும். என் செட்டில் அந்தப் பழைய கண்டன்சர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட மாற்றவில்லை! திருகை மட்டும் திருகியிருக்கிறார்கள்.

நான் கண்டன்சர்களை மாற்றினேன். அதிலேயே சத்தம் கூடத்தைத் தாண்டிக் கேட்டது. அப்புறம் செட்டை இருபது நிமிஷம் சூடாக விட்டு, வேண்டிய அலையை உண்டாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டரை, ஸ்டேஷன் அலையை ஐ.எஃப். ஆக மாற்றும் ஈ.சி.எச். 81 வால்வின் கிரிட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன். இந்த செட்டின் ஐ.எஃப். 452 கிலோஹெர்ட்ஸ். மீட்டர் முள் உச்சிக்குப் போனது 484-ல். முப்பத்திரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்திருக்கிறார்கள். டயலில் 936-ல் முள்ளை வைத்தால், ரேடியோ தனக்குள்ளேயே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் அதோடு 452-ஐக் கூட்டி 1388-ல் ஓடும். அதிலிருந்து ஐ.எஃப்.-ஐக் கழித்தால் வருவதுதான் கேட்கும் ஸ்டேஷன். ஐ.எஃப். 484 ஆகிவிட்டால் உள்ளே வருவது 904. திருச்சி வேண்டுமென்றால் முள்ளை 968-க்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்பாவின் காகிதத் துண்டு பொய்யாகிப் போனது இதனால்தான்.

இதைச் சரிக்கட்ட ஆசிலேட்டர் டிரிம்மரிலும், அதாவது டியூனிங்கை நுணுக்கமாகத் திருத்தும் சின்னக் கண்டன்சரிலும், கை வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய பிலிப்ஸ் டிரிம்மர் சிலது சின்னக் குழல்மேல் மெல்லிய கம்பியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தால் கெப்பாசிட்டி குறையும். பிரித்தது பிரித்ததுதான், பழையபடி சுற்ற வராது. அதைப் பிரித்து, மிச்சக் கம்பியைக் கிள்ளி எறிந்திருக்கிறார்கள்.

உடைந்த கோரை எடுக்க ஒரு ராத்திரி முழுக்கப் போனது. ஹேர் டிரையரால் டப்பாவைச் சூடாக்கி மெழுகை இளக வைத்தேன். மூங்கில் குச்சியைச் சீவித் தட்டையாக்கி, அடிப்பக்கத்திலிருந்து விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் சுற்றுக் கால் சுற்றாகத் தள்ளினேன். உள்ளே சுற்றியிருப்பது தலைமுடியை விட மெல்லிய இழைகளைச் சேர்த்துப் பின்னிய கம்பி. அதில் நாலு இழை அறுந்தாலே ஸ்டேஷன்களைப் பிரித்தெடுக்கும் காயிலின் கூர்மை போய்விடும். விடியற்காலை நாலரைக்குக் கோர் இரண்டு துண்டாக வெளியே வந்தது.

வேறொரு பழைய டப்பாவிலிருந்து கோர் எடுத்துப் போட்டேன். ஆசிலேட்டரை நிறுத்தி வைத்து, கடைசி ஐ.எஃப். டப்பாவில் ஆரம்பித்து முன்னால் வந்தேன். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் ஏ.வி.சி. குறுக்கே விழாதபடி சிக்னலை மீட்டர் அசையும் அளவுக்கு மட்டும் வைத்தேன். அறுந்த டிரிம்மருக்குப் பதில் புதிதாக ஒன்றைப் பற்றவைத்து, டயலில் 600-ல் ஆசிலேட்டர் காயிலின் கோர், 1400-ல் டிரிம்மர், மறுபடி 600, மறுபடி 1400. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும், அதனால் ஐந்தாறு தடவை. வீட்டில் எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். மீடியம் வேவில் அந்த இரைச்சலுக்கு நடுவே எதுவும் கேட்காது.

இவ்வளவும் யாரோ ஐந்து நிமிஷம் கை அரிப்பெடுத்துத் திருகியதற்காக! செட் கொடுக்கிறவர்களே, "காயிலைத் தொடாதீங்க, கண்டன்சரை முதலில் பாருங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மீட்டரும் ஜெனரேட்டரும் இல்லாமல் திருகை நோக்கிக் கை போனால் செட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முழுக்க அலைந்தாலும் அந்தக் காயில் புதிதாகக் கிடைக்காது.

முள் இப்போது காகிதத் துண்டுக்கு நேராக நிற்கிறது. திருச்சி வருகிறது. ஷார்ட்வேவ் காயிலில் ஒரு கோர் இன்னும் அசையவில்லை. அதிலும் தலை நொறுங்கியிருக்கிறது. இன்றைக்கு ராத்திரி மூங்கில் குச்சியோடு அதற்குத்தான் உட்காரப் போகிறேன்.