மன்னாரில் ஆள் இருக்கிறது

லோங் வீக்கெண்ட் வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் பாதிப் பேரின் முகநூலில் மன்னார் வந்துவிடும். கழுதையோடு ஒரு படம், பெருக்கமரத்தடியில் (பாவோபாப்தான்) ஒரு படம், காற்றாலைக்குக் கீழே கையை விரித்துக்கொண்டு இன்னொன்று. கீழே ஒரு வரி: "நல்ல இடம் மச்சான், ஆளே இல்லை." அதை வாசிக்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆள் இருக்கிறது. என்னைப் பெற்றவர்களே அங்கேதான் இருக்கிறார்கள்.

மன்னாரை ஆளில்லாத இடமாகப் பார்ப்பது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. வந்தவன் எல்லாம் எதையாவது எடுக்கத்தான் வந்தான். 1560இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் முத்தில் கண். பிறகு வந்த வெள்ளைக்காரத் தேசாதிபதி நோர்த், அரிப்பு என்கிற ஊரில் கடலோரமாக ஒரு மாளிகை எழுப்பினார், முத்துக்குளிப்பை மேற்பார்க்க. ஊர்ச்சனம் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறது. போய்ப் பாருங்கள், பாதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது, மீதி செங்கல் எந்த மாரியில் சரியுமோ தெரியாது. அள்ளின முத்தில் ஊருக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

கொழும்பின் பழைய ஆட்களுக்கு மன்னார் என்றால் தலைமன்னார் ரயில்தான். 1914இல் ரயிலும் கப்பலும் இணைந்தன, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் தனுஷ்கோடி வழியாக மதராஸ் போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லுவார்கள். அந்த ரயிலுக்கு எத்தனையோ வருடம் முந்தி, தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து அதே கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த மலையகச் சனத்தின் கதையை மட்டும் சொல்ல மாட்டார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023இல், அந்தச் சனம் வரத் தொடங்கி 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கொழும்பில் எத்தனை பேர் கவனித்தோம்?

இன்னொன்றையும் நாங்கள் தமிழர் வசதியாகத் தாண்டிப் போகிறோம். 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்களைப் புலிகள் துரத்தினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் தோணியில் ஏறிப் புத்தளக் கரைக்குப் போனது. மன்னாருக்காகக் கண்ணீர் வடிக்கிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் வடிக்க வேண்டும்.

இப்போதைய மன்னாரைப் பார்க்க வேண்டுமென்றால் விடியக்காலையில் ஒரு வாடிக்கு, கரையில் மீனவர் போட்டிருக்கிற கொட்டிலுக்கு, போங்கள். வலையைக் குவித்துப் போட்டுப் பெண்கள் சுற்றி இருந்து நண்டு கழற்றுவார்கள். நூல் அறாமல், கால் ஒடியாமல் எடுக்க வேண்டும், முள் விரலைக் கிழித்துவிடும். முழு நண்டு ஐஸ் பெட்டிக்குள் போய்க் கம்பனி லொறியில் ஏறும். கால் போனது வீட்டுக் கறிக்கு. (அந்தக் கறிக்கு முன்னால் கொழும்பு ஹோட்டல் நண்டு நிற்காது என்பது வேறு விசயம்.) இரவில் இந்திய ரோலர் (கடலடியை வாரி இழுக்கிற மடிப் படகு) வந்து போயிருந்தால் கழற்ற நண்டும் இருக்காது, வலையும் இருக்காது. மடி இழுவையை 2017இலேயே இலங்கைச் சட்டம் தடை செய்துவிட்டது. அறுந்த வலைக்கு அந்தச் சட்டம் காசு கொடுக்குமா?

இனிக் காற்றாலை. நான் எதிரி இல்லை, நுரைச்சோலை நிலக்கரியை விடக் காற்று நல்லதுதான். ஆனால் எங்கே போடுகிறீர்கள்? கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரமான மணல் தீவு அது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கித்தான் கிணறு ஊறுகிறது. தென்கரையில் தம்பபவனி மின்திட்டத்தின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றுக்குப் போட்ட ரோட்டு வெள்ளம் வடிகிற வழியை மறித்துவிட்டது என்று சனம் அன்றைக்கிலிருந்து சொல்லுகிறது. பூநாரை வருகிற வங்காலைச் சரணாலயமும் பக்கத்தில்தான். 2025 பெப்ரவரியில் மன்னார்க் காற்றாலைத் திட்டத்திலிருந்து இந்தியாவின் அதானி கம்பனி விலகியதும் பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம். ஓகஸ்ட்டில் வேறு திட்டங்களின் பாகங்கள் லொறியில் வர, சனம் வீதியை மறித்தது. பாதிரிமாரும் மௌலவிமாரும் ஐயர்மாரும் ஒன்றாக நின்றார்கள். மன்னாரில் அது சின்ன விசயம் இல்லை. அவர்கள் கேட்டது, தீவுக்குள் வேண்டாம், பெருநிலத்தில் போடுங்கள் என்றுதான். அதற்குள்ளேயே "அபிவிருத்திக்கு எதிரி" என்று கொழும்பிலிருந்து முத்திரை குத்தியாகிவிட்டது.

மணல் அகழ்வு இதைவிட மோசம். மணலில் இருக்கிற இல்மனைட் என்கிற கனிமத்துக்காகத் தோண்டப் பார்க்கிறார்கள். காற்றாலையைக் கழற்றவாவது முடியும், தோண்டிய மணலுக்குள் உப்புத்தண்ணீர் ஏறினால் கிணற்றை யார் திருப்பித் தருவது? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறவர்கள் கொழும்பு ஹோட்டலில் ஆங்கிலத்தில் ஸ்லைட் போடுவதை விட்டுவிட்டு, மன்னார் டவுனில் தமிழில் ஒரு கூட்டம் வைக்கட்டும். திகதியைச் சொன்னால் நானும் லீவு போட்டு வருகிறேன்.